பாட்டில்லாத ஒரு நாள்: வன்னிக்கு வானொலி என்ன கதைக்கவேண்டும்?

உருத்திரபுரம்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். குளுக்கோமா என்கிற கண் அமுக்க நோயால் நாலு வருடத்துக்கு முன் பார்வை முழுதாகப் போய்விட்டது. அன்றிலிருந்து வானொலிதான் அவருக்குப் பத்திரிகை, வாசிகசாலை, சந்தி எல்லாம். பாட்டுப் போட்டால் அவருக்குப் பிடிப்பதில்லை. "பாட்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆர் என்ன கதைக்கினம் எண்டு போடு" என்பார்.

பெப்ரவரி 13 உலக வானொலி நாள் என்று போனில் பார்த்தேன். சரி, இன்றைக்கு அப்பாவோடு ஒருநாள் முழுக்க இருந்து கேட்டுப்பார்ப்போம் என்று விடியப்புறம் 5 மணிக்கே பெட்டியைத் திருகினேன். பாட்டு வந்தால் அடுத்த அலைவரிசை, அங்கும் பாட்டென்றால் அதற்கடுத்தது. பேச்சை மட்டும் தேடித் தேடி இரவு 10 மணி வரை கேட்டோம். கடல் கடந்து வருகிற இந்திய வானொலியையும் விடவில்லை. கொப்பியில் குறித்தும் வைத்தேன்.

நல்லவை நிறைய இருந்தன. நீரிழிவுக்காரர் காலை எப்படிக் கவனிக்கவேண்டும் என்று ஒரு வைத்தியர் கதைத்தார். விரல்களுக்கிடையில் ஈரம் துடைப்பதிலிருந்து செருப்பு வாங்கும் நேரம் வரை சொன்னார் (பின்னேரம்தான் வாங்கவேண்டுமாம், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்). அப்பா உடனே தன் காலைத் தடவிப் பார்த்தார். ஒரு பெண் வாசித்த சிறுகதைக்கு அம்மாவும் குசினி வேலையை விட்டு வந்து இருந்துவிட்டா. மரண அறிவித்தல் வந்தபோது வழக்கம்போல வீட்டில் எல்லோரும் வாயை மூடினோம். செய்திகள், பாராளுமன்றம், விலைவாசி, உலகம் எல்லாம் வந்தன.

இரவு பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பா கேட்டார்: "இண்டைக்கு முழுக்கக் கேட்டனாங்கள். இரணைமடு எண்ட பேர் ஒருக்கால் எண்டாலும் வந்ததோ?"

கொப்பியைப் புரட்டினேன். வரவில்லை. கிளிநொச்சி என்ற சொல் ஒருதரம் வந்தது, அதுவும் ஒரு வாகன விபத்தில்.

அதனால்தான் கேட்கிறேன். காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, பாட்டே இல்லாமல், ஒரு பொது வானொலியின் ஒருநாளை எங்கள் கையில் தந்தால் எந்த நேரத்துக்கு எதை வைப்பீர்கள்? உங்கள் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.


முறிகண்டிப்_பக்கம்

5 மணிக்குத் தண்ணீர். வேறென்ன? இரணைமடு எத்தனை அடி, முத்தையன்கட்டு எத்தனை அடி, வவுனிக்குளம், அக்கராயன், கனகாம்பிகைக்குளம் எத்தனை அடி. எந்த வாய்க்காலில் இன்றைக்கு முறை. ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒருநாளும் தவறக்கூடாது.


விசுவமடு_லண்டன்

தங்கச்சி, உங்கள் பதிவை வேலைக்குப் போகிற வழியில் வாசித்தேன். பஸ்ஸை விட்டு இறங்க மறந்துபோனேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வன்னியில் பேச்சு வானொலிக்கு நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது. வைத்திருந்த பழைய பற்றரிகளை வெயிலில் காயவைப்போம், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விடுவோம், இரண்டு நாளில் அதுவும் செத்துவிடும். கடைசியில் சைக்கிளைத்தான் கவிழ்த்தோம். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லு மேலே. பெடலைக் கையால் சுற்ற, பின் சில்லில் டைனமோ உரசும். றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்துக் கட்டித் தந்தார். மெதுவாகச் சுற்றினால் குரல் தாழ்ந்துபோகும், வேகமாகச் சுற்றினால் கரகரக்கும். பிபிசி தமிழோசை முடியும்வரை அரை மணித்தியாலம் ஒரே சீராகச் சுற்றவேண்டும். மாமா, நான், அடுத்த வளவுப் பெடியன் என்று முறைபோட்டுச் சுற்றுவோம். சுற்றிலும் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள், ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் அப்படித்தான் கேட்டோம்.

நேரம்கூட எங்களுக்கு இரண்டு. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்தது. வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. கொழும்பு வானொலி ஆறு மணி என்று சொல்லும்போது எங்கள் சுவரில் ஐந்தரை. 2006 சித்திரை வருடப்பிறப்போடு கொழும்பு திரும்பிப் பழைய நேரத்துக்கு வரும்வரைக்கும் மனதுக்குள் கழித்துக் கழித்துத்தான் நிகழ்ச்சி கேட்டோம். தமிழோசை எங்கள் நேரம் 9.15. அந்தப் பெயரை வைத்த சோ. சிவபாதசுந்தரம் எங்கள் பக்கத்து ஆள், இலங்கை வானொலியிலிருந்து லண்டன் போனவர். 1941 மே 3இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றபோது, லண்டனிலேயே இருந்தும், வீட்டில் ஒரு ஆள் போனமாதிரி இருந்தது எனக்கு.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இங்கே பிபிசியின் நான்காம் வானொலி என்று ஒன்று இருக்கிறது. 1967 செப்டெம்பர் 30இலிருந்து அந்தப் பெயரில் ஒலிபரப்பாகிறது. நாள் முழுக்கப் பேச்சுத்தான். களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு, காதில் அதுதான் ஓடும். விடியமுன் கமக்காரருக்கான செய்தி. பிறகு வேலைக்குப் போகிறவர்களுக்கு நீண்ட செய்தி அலசல். காலை 10 மணிக்குப் பெண்களுக்கான நிகழ்ச்சி, அது 1946இல் தொடங்கியது. பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு கிராமத்துத் தொடர் நாடகம். 1951 தைமாதம் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது, இன்னும் முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சாப்பாட்டுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில், புது விவசாய முறைகளைக் கமக்காரருக்குக் கதையோடு கதையாகச் சொல்லத்தான் அதைத் தொடங்கினார்கள். நடுச்சாமம் தாண்டியதும் கடற்காலநிலை. சுற்றியிருக்கிற கடலை 31 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று வாசிப்பார்கள். கடலுக்குப் போகாத சனமும் நித்திரைக்கு முன் கேட்கும்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். அந்த அந்த நேரத்துக்கு ஆர் விழித்திருக்கிறார்கள் என்று யோசித்து நாளைப் பிரித்திருக்கிறார்கள். வன்னியில் 5 மணிக்கு விழித்திருப்பவர் கமக்காரர். கொழும்பில் 5 மணிக்கு விழித்திருப்பவர் வேறு ஆள்.


கண்டாவளை_கமம்

வணக்கம் பிள்ளை. முறிகண்டித் தம்பி சொன்ன தண்ணீர்க் கணக்கு அறுவடை முடிகிற இந்த நேரத்தில் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று வெளியூரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியில் விதைக்கிற காலபோகம் மழையில் ஓடிவிடும். அதற்குப் பிறகு வெயில் காலத்தில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கிற தண்ணீர்தான் சோறு. இரணைமடு நிரம்பினால் 36 அடி. அதன் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் கிடக்கிறது, ஆனால் சிறுபோகத்தில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காணாது. கூட்டம் வைத்து, இத்தனை அடி இருக்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். அந்த அடிக் கணக்கை ஒவ்வொருநாளும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு வந்தால் கூட்டத்தில் வீண் சண்டை பாதி குறையும். தெரியாத இடத்தில்தானே சந்தேகம் வருகிறது.

இன்னொன்று. 2018 டிசம்பர் வெள்ளம். குளம் பெருகி வான் கதவுகள் திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் எங்கள் பக்கம்தான் வரும், சுண்டிக்குளம் போகிற வழியில் நாங்கள் இருக்கிறோம். அன்றிரவு கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வளவுக்காரர் ரோச்லைற்றோடு வந்து படலையில் தட்டிக் கத்தித்தான் எங்களை எழுப்பினார். அப்போது முற்றத்தில் முழங்கால் தண்ணீர். மாட்டை அவிழ்த்துவிடக்கூட நேரம் காணவில்லை, இரண்டு கறவை போய்விட்டன. ஆரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த இரவில் இரண்டு பற்றரிப் பெட்டி ஒன்று என் தலைமாட்டில் இருந்தது. அதில் ஒரு குரல் "கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டிச் சனங்கள் இப்போதே மேட்டுக்குப் போங்கள்" என்று ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் மாடுகள் இருந்திருக்கும்.

ஆகவே என் பங்குக்கு: மழை மாதங்களில் இந்த வானொலி 10 மணிக்குப் படுக்கப் போகக்கூடாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இரவு முழுக்க ஒரு ஆள் விழித்திருக்கவேண்டும்.


புதுக்குடியிருப்பு_22

வயதில் சின்னவன், கோபிக்காமல் கேளுங்கள். இதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் இப்போது ஆர் வானொலி கேட்கிறார்கள்? குளத்தின் அடிக்கணக்கை முகநூலில் போட்டால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போய்ச்சேரும். பேச்சுக் கேட்கவேண்டுமென்றால் யூடியூப்பில் ஆயிரம் இருக்கிறது, விரும்பின நேரம் கேட்கலாம். ஒரு நிலையம், கோபுரம், சம்பளம் என்று செலவழிக்கிற காசில் ஊருக்கு நல்ல நெற் இணைப்பைக் கொடுக்கலாமே. என் வகுப்பில் படித்தவர்களில் ஒருவன் வீட்டிலும் வானொலிப் பெட்டி இல்லை.


ஒட்டுசுட்டான்_காவல்

தம்பி, நியாயமான கேள்வி. நான் கேட்கிறேன், அதனால் நான் பதில் சொல்கிறேன்.

கதிர் முற்றினால் எங்களுக்கு இரவு நித்திரை கிடையாது. யானை வரும், பன்றி வரும். வயலுக்குள் காவல் கொட்டில் போட்டு நெருப்பு மூட்டிக்கொண்டு இருப்போம். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். டேட்டாவுக்குக் காசும் வேண்டும். கையும் கண்ணும் ரோச்சில் இருக்கும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யானை கிட்ட வந்துவிடும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. இரண்டு பற்றரி போட்டால் ஒரு சின்னப் பெட்டி எத்தனையோ இரவுக்கு ஓடும். அதில் ஒரு மனிசன் கதைத்துக்கொண்டிருந்தால் நித்திரை வராது, தனிமையும் தெரியாது. பாட்டென்றால் கண் சொருகும்.

உருத்திரபுரத்து ஐயாவுக்கு முகநூலை யார் வாசித்துக் காட்டுவது என்பதையும் யோசியுங்கள் தம்பி.


புதுக்குடியிருப்பு_22

ஐயாவை நான் யோசிக்கவில்லை அண்ணை. மன்னிக்கவேண்டும் அக்கா.


பிரதி_எழுதியவன்

இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். ஒருகாலத்தில் வானொலிக்குப் பகுதிநேரமாகப் பேச்சுப் பிரதி எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது மல்லாவியில் இருக்கிறேன். தொழில் பக்கத்தில் சில விஷயம் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் ஒலிபரப்புத் தொடங்கியது, நூறு வருடம் நிறைந்துவிட்டது. 1967 ஜனவரி 5இல் அது கூட்டுத்தாபனம் ஆனது. இவ்வளவு பழைய வீட்டில் பேச்சு நிகழ்ச்சிக்கு நல்ல அத்திவாரம் இருக்கிறது. சானா என்று எல்லோரும் கூப்பிட்ட சண்முகநாதன் ஈழத்துப் பேச்சு வழக்கிலேயே வானொலி நாடகம் போட்டு, சந்தியில் சனத்தைக் கூட்டினார். கையில் இல்லாத திறமையை நாங்கள் கேட்கவில்லை.

கண்டாவளை அண்ணையின் "ஊர்ப்பெயர் சொல்லி" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பேச்சு வானொலியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வேலை பழக்கியவர் முதல்நாள் சொன்னது: இலட்சம் பேருக்கு எழுதாதே, குசினியில் நிற்கிற ஒரு அம்மாவுக்கு எழுது. கண்ணுக்கு எழுதுகிற வசனம் காதுக்கு ஆகாது. காது திரும்பிப்போய் வாசிக்காது. ஒரு வசனத்தில் ஒரு விஷயம், ஒரு நிமிடத்தில் ஒரு இலக்கம். எழுதி முடித்தபின் வாய்விட்டு வாசித்து, நாக்குத் தடக்கிற இடத்தையெல்லாம் வெட்டவேண்டும். "மேற்படி பிரதேசத்தில் நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக" என்று தொடங்கினால் அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவா. "இன்றிரவு மழை கூடும்" என்றால் திரும்பமாட்டா.

இரண்டு உதாரணம். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடுதுறை 27 என்ற நெல்லினம் பரவியபோது, கமக்காரர் அதை "ரேடியோ நெல்" என்றே கூப்பிட்டார்கள், வானொலியில் கேட்டு விதைத்ததால். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து திருச்சி வானொலியின் வேளாண்மைப் பேச்சைக் கேட்டு வந்த வன்னிக்காரர் பலரை எனக்குத் தெரியும். மற்றது மலைநாட்டுக் கொத்மலை. 1989இல் அங்கே சமூக வானொலி வந்தது. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தையும் சேர்த்தார்கள். வீட்டில் கணினி இல்லாத சனம் கேள்வியை அனுப்பும். ஒலிபரப்பாளர் நிலையத்தில் இருந்து இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்து, ஊர்ப் பேச்சில் விளக்குவார். புதுக்குடியிருப்புத் தம்பி, உங்கள் இணையமும் இந்த அக்காவின் பெட்டியும் அங்கே ஒரே மேசையில் இருந்தன. நீங்கள் சொன்னதைத் தள்ளவேண்டியதில்லை. குளத்தின் அடிக்கணக்கை நீங்கள் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள், குரலில் ஒருவர் சொல்லட்டும்.

என் நேரம் மத்தியானம் 12 மணி. அப்போது கமக்காரர் வயலால் ஏறிச் சாப்பிட இருப்பார். அந்த நேரத்தில் நோயும் பூச்சியும் பற்றிக் கேள்வி பதில். அறக்கொட்டியான் விழுந்த வயலை அந்தக் கிழமையே பார்த்த ஒரு விவசாயப் போதனாசிரியர் பதில் சொல்லவேண்டும், கொழும்பில் இருக்கிற ஒருவர் வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை திடீரென நின்றபோது என்ன செய்வது என்று தெரியாமல் சனம் அந்தரப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒருவர் தெரிந்ததைச் சொல்ல ஒரு பொது இடம் இருந்திருந்தால் எத்தனையோ பேர் குறைந்த நட்டத்தோடு தப்பியிருப்பார்கள்.


முல்லைக்_கரை

எல்லாரும் வயலைப் பற்றியே எழுதுகிறீர்கள், நாங்கள் கடலில் நிற்கிறோம்.

லண்டன் அண்ணை சொன்ன 31 பகுதி என்னை உலுக்கிவிட்டது. எங்களுக்கு வருகிற அறிவித்தல் எப்படியென்று எல்லோருக்கும் பாடம்: "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்." அது எவ்வளவு நீளக் கரை. கொக்கிளாய் முகத்துவாரத்தில் அலை ஒரு மாதிரி, அளம்பிலில் ஒரு மாதிரி, மாத்தளன் கரையில் இன்னொரு மாதிரி. வாடைக் காலத்தில் எங்கள் ஆட்கள் வானத்தையும் நண்டு வளையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இயந்திரம் பூட்டிய போட் ஒருதரம் போய்வர எவ்வளவு எண்ணெய் குடிக்கும்! போய்த் திரும்பினால் அன்றைய காசு போய்விட்டது. திரும்பாவிட்டால் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கடல் என்று சொன்னாலே காதைத் தீட்டாத வீடு இல்லை.

அதிகாலை 3 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும். 3 மணிக்கென்றால் அக்கா நேரத்தை 5க்கு முன்னால் இழுக்கவேண்டும். கடலுக்கு இறங்குகிறவனுக்கு 5 மணி பிந்திப்போன நேரம். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொக்கிளாய், நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு, மாத்தளன், சாலை என்று பெயர் சொல்லிக் காற்றும் நீரோட்டமும். சோளகமா, கொண்டலா, வாடையா என்று எங்கள் சொல்லிலேயே.


பாரதிபுரம்_பேத்தி

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் பாட்டி 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவங்க. பாரதிபுரம், மலையாளபுரம், தருமபுரம் பக்கமெல்லாம் எங்களைப்போல ஆயிரக்கணக்கான குடும்பம். காடு வெட்டி, கிணறு தோண்டி, இந்த மண்ணில் நாற்பது, ஐம்பது வருடம் ஆகிவிட்டது. பாட்டியும் வானொலியை விடமாட்டாங்க. ஒருநாள் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருத்தர் பேட்டியில் "நாங்க கொழுந்து எடுக்கையில" என்று சொன்னதும் பாட்டி பெட்டிகிட்ட போய் உட்கார்ந்துட்டாங்க. "நம்ம பேச்சு வருதுடி" என்று அழுதுவிட்டாங்க. அதுவரைக்கும் வானொலியில் பேசுகிற தமிழ் என்றால் வேறு வீட்டுத் தமிழ் என்றுதான் அவங்க நினைத்திருந்தாங்க.

வன்னி என்றால் ஒரே குரல் இல்லை. பழைய வன்னிக் கிராமத்துப் பேச்சு இருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறினவங்க பேச்சு இருக்கு, எங்க பேச்சு இருக்கு, கரையோரப் பேச்சு இருக்கு. இந்த ஒருநாள் வானொலியில் எல்லாக் குரலும் வரணும். படித்த குரலாக மாற்றிப் பேசச் சொல்லக்கூடாது.

எனக்கு நேரம் தந்தால் காலை 10 மணியைக் கேட்பேன். காணி. அனுமதிப்பத்திரம் இருக்கா, யார் பெயரில் இருக்கு, தாத்தா இறந்த பிறகு எப்படி மாற்றுவது, இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரத்துக்கு எங்கே போவது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் இன்னும் எங்கள் வீட்டு வாசலில் நிற்குது, ஆனால் அது என்ன சொல்லுது என்று யாரும் எங்கள் பேச்சில் சொன்னதில்லை. பிரதேச செயலகத்துக்கு மூன்றுதரம் பஸ் ஏறிப்போகிற செலவை அரை மணிநேரப் பேச்சு மிச்சப்படுத்தும்.


உருத்திரபுரம்_மகள்

பேத்தி, நீங்கள் எழுதியதை அப்பா இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார். 1977இல் உங்கள் ஆட்கள் வந்து இறங்கியபோது தன் வயலில் கூலிக்கு நின்ற ஒரு பெரியவரின் பேச்சை இப்போதும் அப்படியே பேசிக்காட்டுகிறார். அவரிடம்தான் மண்வெட்டிப் பிடி செதுக்கப் பழகினாராம்.


வட்டக்கச்சி_ரீச்சர்

இரவு 8 மணி எனக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர்போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். வருடங்கள் போய்விட்டன. பிள்ளையைத் தேடித் தேடியே கண்மூடிய அம்மாமார் பலர். செய்தியில் அவர்கள் வரும்போது அரை நிமிடம் வருவார்கள். ஒரு கோஷம், ஒரு அழுகை, அடுத்த செய்தி. ஒரு அம்மாவை இருத்தி, தண்ணீர் கொடுத்து, "உங்கள் பிள்ளை என்ன சாப்பாடு விரும்பும்?" என்று கேட்டு, ஒரு மணித்தியாலம் குறுக்கே பேசாமல் விட்ட நிகழ்ச்சி ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. வீடியோ எடுத்தால் அவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். குரலென்றால் கதைப்பார்கள். வானொலிக்கு அந்த மரியாதை இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பின்னேரம் 3 மணிக்குப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வையுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. விறகுக்குப் போகிற பிள்ளை எதைத் தொடக்கூடாது, கண்டால் எப்படி அப்படியே நின்று, வந்த அடியிலேயே திரும்பவேண்டும் என்பதை நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். ஒரு நாடகமாக வந்தால் மறக்காது.


ஓமந்தை_வழிப்போக்கன்

ரீச்சர், உங்கள் மேல் மதிப்போடு சொல்கிறேன். ஒவ்வொரு இரவும் 8 மணிக்கு அழுகையென்றால் சனம் பெட்டியை நிறுத்திவிடும். என் மனைவியின் தம்பியும் 2009இல் போனவன்தான், இன்னும் தெரியாது. வீட்டில் அந்தக் கதை வந்தால் மாமி மூன்று நாள் சாப்பிடமாட்டா. எல்லாக் காயத்தையும் ஒவ்வொருநாளும் திறக்கவேண்டுமா?


வட்டக்கச்சி_ரீச்சர்

தம்பி, உங்கள் மாமியை நினைத்து ஒருநாள் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்தேன். நீங்கள் சொல்வது சரி, ஒவ்வொருநாளும் வேண்டாம். கிழமைக்கு ஒருதரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்கலாம், நிறுத்த விரும்புகிறவர் நிறுத்தட்டும். மற்ற இரவுகளில் வேறு கதை வரட்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல்தண்ணீரில் விளக்கெரிப்பதை ஒரு முதியவர் சொல்லட்டும், மடுத்திருவிழாவுக்குக் காட்டுவழி நடந்துபோன காலத்தை இன்னொருவர் சொல்லட்டும். ஆனால் அந்த ஒரு இரவை எடுத்துவிடாதீர்கள். மாமிக்கு எப்போதாவது கதைக்கவேண்டும்போல இருந்தால் போக ஒரு இடம் வேண்டும்.


ஓமந்தை_வழிப்போக்கன்

சரி ரீச்சர்.


புதுக்குடியிருப்பு_22

இழை நீண்டுவிட்டது, ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிரதி எழுதிய ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நேற்று நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சின்ன வேலை செய்தோம். முத்தையன்கட்டு அளவுகோலை நேரில் போய்ப் பார்த்து, போனில் ஒரு நிமிடம் குரலில் பதிந்து, எங்கள் ஊர் வட்சப் குழுவில் போட்டோம். என் அம்மம்மா முதன்முதலாக என் போனைக் கேட்டு வாங்கினா. "திருப்பிப் போடு" என்று மூன்றுதரம் கேட்டா. இதுவரைக்கும் நான் அனுப்பிய எந்தப் படத்தையும் அவ பார்த்ததில்லை.


உருத்திரபுரம்_மகள்

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்தேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. 3 மணிக் கடலை ஒத்துக்கொண்டார். 8 மணிக்கு என்ன என்று வந்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அது இருக்கட்டும்" என்றார். பின்னேரம் 7 மணிக்கு நாடகம் வேண்டுமாம், அதில் ஒரு கமக்காரன் கட்டாயம் கடன்பட்டிருக்கவேண்டுமாம், இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்களாம்.

அவர் தன் பங்காகச் சேர்க்கச் சொன்னது ஒன்று. சிறுபோகக் கூட்டத்தை முழுதாக ஒலிபரப்பவேண்டும். அதிகாரிகள் பேசுவதை மட்டும் போடக்கூடாது. கடைசி வரிசையில் இருந்து எழும்பிக் கேள்வி கேட்கிற மனிசனின் குரலும், அதற்கு வந்த பதிலும், பதில் வராவிட்டால் அந்த மௌனமும் கேட்கவேண்டும். கண் தெரிந்த காலத்தில் ஒரு கூட்டத்தையும் அவர் விட்டதில்லை. இப்போது கூட்டிப்போக ஆளில்லாத நாளில் வீட்டில் இருந்து "என்ன முடிவாம், என்ன முடிவாம்" என்று படலையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முத்தையன்கட்டுத் தம்பியின் அந்த ஒரு நிமிடக் குரலை எனக்கும் அனுப்புங்கள். அப்புறம், வவுனிக்குளத்துப் பக்கம் ஆராவது இந்த இழையில் இருக்கிறீர்களா? அங்கே இப்போது எத்தனை அடி என்று அப்பா கேட்கிறார்.


பிரதி_எழுதியவன்

மல்லாவியில் இருந்து கிட்டத்தான். நாளை விடியப்புறம் சைக்கிளில் போய் அலைகரையில் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுதி அனுப்பமாட்டேன் பிள்ளை, குரலில் அனுப்புகிறேன். ஐயா எத்தனை மணிக்கு எழும்புவார்?


உருத்திரபுரம்_மகள்

நாலரைக்கு.